வரிசையில் அடுத்த பெயர்

திருத்துறைப்பூண்டி
12-5-2024

அன்புள்ள லாத்தாவுக்கு அனீஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையில் வாப்பா, நான், ஷமா மூவரும் சுகம். குவைத்தில் அவரும் சுகம் என்று நேற்று பேசினார். உன் சுகமும் மச்சான் சுகமும் ஜாஃபர் சுகமும் அறிய ஆவல். முழங்கால் வலி பரவாயில்லையா?

இன்லேண்டு கவர் வாங்கப் போனால் தபால் ஆபீஸ் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் காலத்தில் அக்காவுக்குக் கடிதமா என்று கேட்டாள். நோன்பு மாதத்தில் நாம் போனில் போட்ட சண்டைக்கு வாப்பா கொடுத்த தண்டனை இது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஷமாவுக்கு பிராக்டிகலில் முழு மார்க் என்று நான் சொன்னேன். "பிராக்டிகல்ல எல்லாருக்கும்தான் அள்ளிப் போடுறாங்க" என்று நீ சொன்னாய். ஸ்பீக்கரில் வீடே கேட்டது. பிறகு யார் என்ன சொன்னோம் என்று எழுத வேண்டாம். வாப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேச வேணாம், எழுதிக்குங்க. கை வலிச்சா வார்த்தை தன்னால குறையும்."

ரிசல்ட் வந்துவிட்டது. இன்ஜினியரிங் கணக்குப்படி ஷமாவுக்கு இருநூறுக்கு நூற்றெண்பத்தேழரை. டியூஷன் எதற்கும் போகாமலே எடுத்திருக்கிறாள். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. சேர்க்கைப் புள்ளிவிவரம் எல்லாம் போடுகிறவள் நீ. நீ சொல்கிறபடி செய்கிறோம். டியூஷன் இல்லாமலே இவ்வளவு வந்ததே, அதுவே பெரிது.

ஜாஃபர் எவ்வளவு என்று எழுது. அவனுக்கு என் துஆ.

உன் தங்கை
அனீஸா


தஞ்சாவூர்
21-5-2024

அன்புத் தங்கை அனீஸாவுக்கு ரசியா எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கும் எல்லோரும் சுகம். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. வாப்பாவுக்கு சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், பார்த்துக்கொள்.

ஷமா மார்க் அறிந்து சந்தோஷம். ஜாஃபருக்கு நூற்றெண்பத்தேழு. அரை மார்க்தான் வித்தியாசம். இரண்டு வருஷம் காலை ஐந்து மணிக்கு எழுப்பி, டியூஷன் வாசலில் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். டியூஷன் போகாமல் வாங்கினாள் என்று ஒரு தடவை எழுதினால் போதும் அனீஸா. ஒரே கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். கை வலிக்கவில்லை போலும்.

என் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். மே மாதம் வந்துவிட்டால் எனக்கு மனிதர்களே கண்ணில் படுவதில்லை. விண்ணப்பித்தவர் எத்தனை, தரவரிசையில் வந்தவர் எத்தனை, இடம் கிடைத்தவர் எத்தனை, கடைசியில் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் எத்தனை. ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் உதிர்வார்கள். எங்கே உதிர்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் அட்டவணை போட்டு மேலே அனுப்பினால் அந்த வருஷம் முடிந்தது.

கம்ப்யூட்டர் சயின்ஸில் அறுபது இடம். பொதுப் பிரிவில் நம் பிள்ளைகள் மார்க்குக்கு எட்டாது. நம் ஒதுக்கீட்டில் இருப்பது இரண்டே இடம். மாநிலம் முழுவதற்கும் இரண்டு. ஷமா ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம், இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொல்.

ஜாஃபருக்கும் அதே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் ஆசை. உனக்குத் தெரிந்திருக்கும்.

துஆவுடன்
ரசியா பேகம்


திருத்துறைப்பூண்டி
13-7-2024

அன்புள்ள லாத்தாவுக்கு உன் தங்கையின் சலாம். இங்கு நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். பெருநாளுக்கு வருவீர்கள் என்று வாப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஃபருக்குக் காய்ச்சல் என்று மச்சான் போனில் சொன்னார். இப்போது தேவலையா?

தரவரிசைப் பட்டியல் வந்ததும் ஷமா பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். நம் பிரிவில் அவள் அறுபத்தொன்று. அதற்கு அடுத்த வரியில் ஜாஃபர் சாதிக், அறுபத்திரண்டு. நான் சிரித்துவிட்டேன் லாத்தா. சின்ன வயதில் லீவுக்கு வந்தால் மதரஸாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருமே இரண்டும், பட்டியலிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வாப்பா அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து வரச் சொல்லி, இரண்டு பெயரையும் சேர்த்துப் பேனாவால் ஒரே வட்டமாகப் போட்டு மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

இருபதாம் தேதி சான்றிதழ் சரிபார்க்க உதவி மையத்துக்குப் போக வேண்டும். இருபத்துநாலில் இருந்து மூன்று நாள் விருப்பப் பாடங்களை வரிசைப்படுத்தி கம்ப்யூட்டரில் போட வேண்டுமாம். எதை முதலில் போடுவது, எதை அடுத்ததாகப் போடுவது? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீ ஒரு காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பு. அப்படியே போட்டுவிடுகிறோம்.

மேட்டூர் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு இளையபெருமாள் அண்ணன் குறுவை போடவில்லை. சும்மா இருக்க முடியாமல் பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அனீஸா


தஞ்சாவூர்
18-7-2024

அன்புத் தங்கைக்கு. நலம். நலம் அறிய ஆவல். ஜாஃபர் தேறிவிட்டான்.

நீ கேட்ட விஷயம். நன்றாகக் கவனித்து வாசி. முதல் இடத்தில் ஆசைப்பட்டதைப் போடக் கூடாது, நிச்சயம் கிடைப்பதைப் போட வேண்டும். பெரியதை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாகப் போட்டது அதற்குள் வேறு பிள்ளைகளுக்குப் போய்விடும். இப்படி ஏமாந்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

ஷமாவுக்கு வரிசை இது: ஒன்று, சிவில். இரண்டு, எலக்ட்ரிகல். மூன்று, மெக்கானிக்கல். நான்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ். எல்லாம் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே. சிவில் கட்டாயம் கிடைக்கும். பெண் பிள்ளைக்கு அரசாங்க வேலைக்கு ஏற்ற படிப்பு.

நான் வழி சொன்னேன் என்று வெளியே பேச வேண்டாம். இங்கே இருந்துகொண்டு சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன் என்று பேச்சு வந்தால் எனக்குத்தான் கஷ்டம். இந்தக் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டாம்.

ஷமாவுக்கு என் துஆ. நன்றாக வருவாள்.

ரசியா பேகம்


திருத்துறைப்பூண்டி
3-8-2024

மதிப்பிற்குரிய லாத்தா அவர்களுக்கு அனீஸாவின் சலாம். நாங்கள் நலம். தங்கள் அனைவரின் நலத்துக்கும் இறைவனிடம் கேட்கிறோம்.

ஷமாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ், உங்கள் பல்கலைக்கழகம். நம் பிரிவின் இரண்டாவது இடம்.

நீங்கள் எழுதி அனுப்பிய வரிசையில் சிவில் முதலில் இருந்ததே என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். உதவி மையத்தில் எல்லோருக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். உங்கள் பல்கலைக்கழகம் அச்சடித்தது. அதில் இப்படி இருந்தது: "ஆசைப்பட்டதை மேலே எழுதுங்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டாலும் கீழே எழுதியதற்கு ஒரு குறையும் வராது. நிச்சயமானதை முதலில் எழுதினால் அதோடு கம்ப்யூட்டர் நின்றுவிடும். பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்." அடியில் யார் பெயரும் இல்லை. ஆனால் நாலாம் வகுப்பில் இருந்து எனக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தது நீங்கள். உங்கள் வாக்கியம் எனக்குத் தெரியாதா?

ஷமா கடிதத்தை ஒரு கையிலும் நோட்டீஸை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கேட்டாள். "பெரியம்மா எழுதுனதுதான் ரெண்டும். எதம்மா போடட்டும்?" வேலை நெருக்கடியில் பெரியம்மாவுக்கு மாறிப் போயிருக்கும், ஊருக்குச் சொன்னதையே போடு என்று சொன்னேன். உங்கள் நோட்டீஸால்தான் இந்த இடம். ரொம்ப நன்றி லாத்தா.

நேற்றே பிரவுசிங் சென்டரில் கட்டணம் கட்டிவிட்டோம். "சேர்க்கை உறுதி செய்யப்பட்டது" என்று ரசீது வந்தது. ஷமா அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை பன்னிரண்டாம் தேதி வகுப்பு தொடங்குகிறது. அன்று காலையில் பெட்டி படுக்கையோடு வந்துவிடுகிறோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஜாஃபருக்கு என்ன கிடைத்தது?

இப்படிக்கு
அனீஸா


திருத்துறைப்பூண்டி
11-8-2024

லாத்தா அவர்களுக்கு சலாம். நலம், நலம்தானே? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜாஃபரை விட்டுச் சொல்லச் சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஜும்ஆ முடிந்த நேரம். ஷமாவின் புதுத் துணிகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "சாச்சி, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஷமா நேர்ல வந்து பதியணும். பணம் கட்டுனது மட்டும் போதாது, வரலன்னா இடம் போயிரும். உம்மா சொல்லச் சொன்னாங்க, அவங்களுக்கு ஆபீஸ்ல வேலை. உடனே கெளம்புங்க" என்றான். பின்னால் பள்ளிவாசல் சத்தம் கேட்டது.

அயர்ன் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இப்போதுதான் தண்ணீர் வந்து இளையபெருமாள் அண்ணன் நாற்றங்காலுக்கு விதை தெளித்துக்கொண்டிருந்தார். விதைக் கூடையை வரப்பில் வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு காரை எடுத்தார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டு மூடிக் கிடந்தது. ஷமா அழவே இல்லை, உதடுதான் வெளுத்துவிட்டது. நாலரைக்கு உங்கள் வாசலில் இறங்கினோம். நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டாள். பதிவு செய்த பையன் சொன்னான்: "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா வரிசையில அடுத்த ஆளுக்கு மாறியிருக்கும்மா." அடுத்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடிக்கு வந்தேன். நாற்காலியில் உங்கள் கைப்பை இருந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. கம்ப்யூட்டரும் அணைக்கவில்லை. தொழப் போயிருப்பீர்கள் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நாளைக் காலை பெட்டியோடு வந்து ஷமாவை விடுதியில் விடுகிறோம். இந்தக் கடிதம் கைக்கு வருமுன் நாங்கள் வந்து போயிருப்போம். நீங்கள் வேலையை விட்டு வர வேண்டியிருக்காது.

அனீஸா


தஞ்சாவூர்
19-8-2024

அன்புத் தங்கைக்கு. சுகம். உங்கள் சுகமும் அறிந்தேன்.

கடைசி நாள் என்பதால் ஜாஃபரிடம் சொல்லச் சொன்னேன். இதில் நன்றிக்கு என்ன இருக்கிறது. நீ மாடிக்கு வந்தபோது பழைய கோப்பு ஒன்று தேடிப் பதிவறைக்குள் இருந்தேன். நீ வந்தது தெரியாது.

ஜாஃபருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல். இங்கே கிடைக்கும் என்று கடைசி வரை காத்திருப்புப் பட்டியலில் இருந்தான். கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டான்.

வாப்பாவைப் பார்த்துக்கொள்.

ரசியா பேகம்


திருத்துறைப்பூண்டி
8-9-2024

லாத்தா அவர்களுக்கு சலாம். இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

ஷமாவை உங்கள் வீட்டில் தங்க வைத்தால் என்ன, சொந்தப் பெரியம்மா வீடு இருக்கும்போது விடுதிச் சோறு எதற்கு என்று வாப்பா கேட்கிறார். விடுதியில்தான் பிள்ளைக்குப் படிப்பு ஓடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அதையே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் ஜாஃபர் வந்தான். பட்டுக்கோட்டையில் பஸ் ஏறி, வாப்பாவைப் பார்க்க வந்தேன் என்றான். வாப்பா கண்ணாடிக் கூட்டில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். பிள்ளை பார்த்துவிட்டுச் சிரித்தான். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மெக்கானிக்கலும் நல்லாத்தான் இருக்கு சாச்சி என்றான். போகும்போது மீன் வறுத்துக் கொடுத்தனுப்பினேன்.

நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள்.

அனீஸா


தஞ்சாவூர்
27-10-2024

அனீஸா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் இருந்து என்னை நீங்கள் என்று எழுதுகிறாய். சண்டையில் எத்தனையோ வார்த்தை சொல்லியிருக்கிறாய், இந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்று அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பதிலுக்குப் பொய் எழுதினேன். இன்று உள்ளதை எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக அந்த நோட்டீஸை எழுதுவது நான்தான். நிச்சயமானதை முதலில் போட்டு நல்ல இடத்தைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, பொறுக்காமல் நானே மேலதிகாரியிடம் போய் அச்சடிக்கச் சொன்னது. உனக்கு அதற்கு நேர் எதிராக எழுதினேன். மாறிப் போய் எழுதவில்லை. மூன்று வருஷ அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நம் பிரிவின் இரண்டாவது இடம் அறுபது அறுபத்தைந்தில் முடியும் என்று தெரியும். ஷமா கேட்காவிட்டால் அது ஜாஃபருக்கு. ஒரு சின்ன வரிசை மாற்றம்தான், சிவிலும் நல்ல படிப்புதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொறாமைதான் அனீஸா. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. உனக்குக் குவைத் பணம், மாடி வீடு, வாப்பா உன்னோடு. எனக்கு என் படிப்பும் வேலையும் மட்டும்தான் உன்னைவிடக் கூட இருந்தது. என் ஆபீஸ் வாசலில் உன் மகள் பை மாட்டிக்கொண்டு நடந்து வருவாள், என் மகன் வேறு ஊருக்கு பஸ் ஏறுவான் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. அரை மார்க்கு அனீஸா. ஒரு முழு மார்க்காக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அடுத்தது இதைவிடக் கேவலம். நீ திங்கட்கிழமை வருகிறோம் என்று எழுதிய கடிதம் செவ்வாயன்றே கைக்கு வந்துவிட்டது. நேரில் பதிய வெள்ளிக்கிழமைதான் கடைசி. பணம் கட்டிய ரசீதை நம்பி வராமல் இடத்தை இழப்பவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாம் கிராமத்துப் பிள்ளைகள். என் அட்டவணையில் அதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. அதில் உன் மகள் விழப் போகிறாள் என்று தெரிந்து நான் சும்மா இருந்தேன். ஒரு போன் போதும். வாப்பா பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று அவர் பேச்சை அந்த நான்கு நாள் மட்டும் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து கம்ப்யூட்டரையே பார்த்தபடி இருந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், பதியாதவர்: ஏழு. பதினொரு மணிக்கு நான்கு. மூன்று மணிக்கு ஒன்று. அந்த ஒன்றின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த பெயரும் தெரியும். டிபனைத் திறக்கக் கை வரவில்லை. நாலரை மணிக்கு ஜன்னல் வழியாக நீ காரில் இருந்து இறங்குவதைப் பார்த்தேன். ஷமா முன்னால் ஓடினாள், நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாய். அந்த நேரத்தில்கூட எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். யார் சொன்னது இவர்களுக்கு என்று.

நீ மாடி ஏறி வந்தபோது பதிவறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவுக்கு அடியில் உன் கால் தெரிந்தது. கால் மணி நேரம் நின்றாய். நானும் நின்றேன்.

ஜாஃபரிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவன் போன் செய்தது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கேட்டேன். உன் முந்தைய கடிதம் பிரிட்ஜ் மேல் கிடந்ததாம், எடுத்து வாசித்திருக்கிறான். "நீங்க சொல்லியிருப்பீங்கன்னுதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தேன் உம்மா" என்றான். அவள் வராவிட்டால் இடம் யாருக்கு என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்று தலையை ஆட்டினான். அப்புறம் நான் சொன்னதாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "வேற என்னத்தச் சொல்றது? எங்க உம்மா சொல்ல மாட்டாங்க, அதான் நான் சொல்றேன்னா சொல்ல முடியும்?" என்றான். அவன் எனக்குக் கொடுத்த நல்ல பெயரை நான் உனக்குக் கடிதம் எழுதி வாங்கியும் கொண்டேன்.

இந்த வருஷ அட்டவணையை நேற்று முடித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், பணம் கட்டியும் பதியாதவர் என்ற கட்டத்தில் சுழி. மேலதிகாரி பார்த்துவிட்டு, பரவாயில்லையே, உங்க நோட்டீஸ் வேலை செய்யுது என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஷமா சில நாள் எங்கள் கட்டடத்தின் வழியாகப் போகிறாள். பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. இதை வாப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். மன்னிப்புக் கேட்டால் உடனே கிடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் இப்போது கேட்கவில்லை.

ரசியா


திருத்துறைப்பூண்டி
20-5-2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் நானும் சுகம். ஷமா லீவுக்கு வந்திருக்கிறாள், இளைத்துப் போயிருக்கிறாள். உன் முழங்காலுக்கு இப்போது யாரிடம் காட்டுகிறாய்?

பதில் எழுத ஏழு மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதினேன். நான்கையும் அடுப்பில் போட்டேன். நான்கிலும் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. வாப்பா சொன்னது சரிதான், எழுதினால் குறைகிறது. ஆனால் அதற்கு இத்தனை மாதம் வேண்டியிருக்கிறது.

எனக்குப் பாதி தெரியும். நோட்டீஸைப் பார்த்த அன்றே வரிசையின் கதை விளங்கிவிட்டது. போன் விஷயத்தில் ஜாஃபர் குரல் காட்டிக் கொடுத்துவிட்டது. உம்மா சொல்லச் சொன்னாங்க என்று சொல்லும்போது மட்டும் பிள்ளை எச்சில் விழுங்கினான். ஆனால் பதிவறைக் கதவு எனக்குத் தெரியாது. அதை வாசித்த அன்று உன்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாப்பாவிடம் சொல்லவில்லை. அந்தக் காகிதம் அவர் கண்ணாடிக் கூட்டில் அப்படியே இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ காலேஜ் போன மூன்று வருஷமும் உனக்கு டிபன் கட்டியது நான். என் முறை வந்தபோது எனக்குக் கல்யாணம் வந்தது. எனக்குக் காலேஜ் இல்லை என்று அதற்கு முன்பே தெரியும். சில நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பில்லாமல் கட்டிவிட்டிருக்கிறேன். நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உன்னுடையதற்கு இது ஈடு என்று சொல்லவில்லை. ஈடு ஆகாது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. இளையபெருமாள் அண்ணன் மகள் செம்மொழிக்கு நூற்றெழுபத்தொன்பது. அவர் அப்பா நம் ஊரில் பண்ணை வேலை பார்த்தவர். அந்த வீட்டில் இவள்தான் முதலில் இன்ஜினியரிங் படிக்கப் போகிறாள். அன்றைக்கு விதைக் கூடையை வரப்பில் விட்டுவிட்டு வந்தாரே, திரும்பிப் போய்ப் பார்த்தால் பாதியைக் கோழி தின்றிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகையும் வாங்கவில்லை. அண்ணன் நேற்று வந்து, உங்க அக்காகிட்டக் கேட்டு எதை எதுக்கு அப்புறம் போடணும்னு எழுதி வாங்கித் தாங்கம்மா என்று கேட்டார். பிள்ளைக்குக் கட்டடம், பாலம், தண்ணீர் இதில்தான் ஆசை. மார்க் விவரமெல்லாம் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

போன வருஷ நோட்டீஸ் என் பீரோவில்தான் இருக்கிறது. அதை அவர்களிடம் நான் காட்டவில்லை. எங்க லாத்தா எழுதி அனுப்புவா, அந்த வரிசையை அப்படியே போடு என்று செம்மொழியிடம் சொல்லிவிட்டேன்.

போன் செய்யாதே. உன் கையால் எழுது.

உன் தங்கை
அனீஸா